அவர் அசையவில்லை

அதிகம் படிக்காத நான் பத்திரிகைக்கு எழுதத் துணிந்ததை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் கணவருக்கு வலது கண்ணில் வெண்புரை படர்ந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் தானே வெட்டுவதாகச் சொன்னார். ஆனால் கண்ணை விறைக்கச் செய்து படுக்க வைத்தபின், "சேர், இவ்விடத்திலயோ வெட்டுறது?" என்று ஓர் இளங்குரல் கேட்டதாம். பதில் வரவில்லையாம்.

அந்தக் கண் போய்விட்டது. நான் காரணம் கேட்டதற்கு, "உங்கட மனுசன் அசைஞ்சிட்டார், அம்மா" என்றார் வேலை பழகும் அந்த இளம் டொக்டர். இருமலைக்கூட அடக்கிக்கொண்டு கிடந்த மனிதர் என் கணவர். டொக்டர்மாரை எதிர்த்துக் கதைத்துப் பழக்கமில்லாததால், பேசாமல் எங்கள் ஊரான முரசுமோட்டைக்குத் திரும்பினேன். ஆனால் அந்தப் பழியை மறக்கவில்லை.

அடுத்த ஆண்டு, கண் வெட்ட வேண்டியவர்களைத் தெரிவு செய்ய அதே இளம் டொக்டர் எங்கள் ஊர் டிஸ்பென்சரிக்கு வந்தார். வரிசையில் நின்ற சனத்துக்கு முன்னால் கணவரைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"இந்தக் கண்ணைத் தெரியுதோ, ஐயா?"

"பிறகு கதைப்பம், அம்மா."

"இப்பவே கதையுங்கோ. வெட்டுற நேரம் உங்கட பெரிய டொக்டர் எங்க நிண்டவர்?"

டொக்டர் தலை குனிந்தார். "வெளியில போயிட்டார்."

"அப்ப எங்கட கண்ணிலயோ பழக வந்திருக்கிறியள்?" என்று வரிசையில் ஒருவர் கேட்டார். சனம் கலைந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

இப்போது யாருக்குக் கண் வெட்டுவதென்றாலும், வெட்டுவது யார், பழகுபவரென்றால் பக்கத்தில் நிற்பது யார் என்று நானே போய்க் கேட்கிறேன்.

ஆனால் அன்று சனம் கலைந்ததற்கு மறுநாள், திரும்பவும் வரவேண்டியிருந்த அந்த டொக்டர் வரவில்லை. தூரத்திலிருந்து வந்தவர்கள் கண்ணைக் காட்டாமலே திரும்பிப் போனார்கள்.