அண்ணாச்சியின் ஆள்

செம்பூரில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறேன். வருஷா வருஷம் வேளைக்காரப் படை பற்றிய பாடம் வரும். அரசனுக்கு ஒன்று என்றால் உயிரைக் கொடுப்பதாகச் சத்தியம் செய்துகொண்டவர்கள். பதிலுக்கு அரசனின் பெயரே அவர்களுக்குக் காவல். அவன் ஆளைத் தொடுவது அவனையே தொடுவது மாதிரி. "இப்படியெல்லாம் யாராவது இருப்பாங்களா மேடம்?" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அப்படி ஒருவருக்கு மகளாகப் பிறந்தவள் நான்.

அப்பா தாராவியில் ஒரு தோல் பைப் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எங்களுக்கு அண்ணாச்சி. பட்டறைக்கு மேலேயே, ஏணி வைத்து ஏறுகிற ஒற்றை அறையில் அன்றும் இன்றும் எங்கள் குடித்தனம். தோல் இருக்கிற அறையின் சாவி அப்பாவிடம்தான் இருக்கும். அண்ணாச்சிக்குக் காய்ச்சல் என்றால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. சந்தில் சண்டை என்றால் போலீஸுக்கு முன்னால் அண்ணாச்சியைத்தான் கூப்பிடுவார்கள்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் மத்தியானம், குர்லா வியாபாரி ஒருவர் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்து நின்றார். பை தைக்க அவர் அனுப்பிய தோலில் ஒரு கட்டு குறைகிறதாம். சாவி யாரிடம் என்று கேட்டார்கள். அப்பா எழுந்து நின்றார். ஒரு போலீஸ்காரர் அவர் தோளைப் பிடித்தார். நான் ஏணியில் பாதியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எச்சில் கையோடு வந்தார். சத்தம் போடவில்லை. இந்தியில் சொன்னார்: "இவர் என் ஆள். கொண்டுபோகணும்னா முதல்ல என்னைக் கொண்டுபோங்க." சொல்லிவிட்டு வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சந்தே கூடிவிட்டது. போலீஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா தோளிலிருந்து கை எடுபட்டது.

ஒரு வாரத்தில் தோல் கட்டு வியாபாரியின் குடோனிலேயே கிடைத்தது. அவர் வந்து அண்ணாச்சியிடம் கை கூப்பினார். "எங்கிட்ட எதுக்கு? அவர்ட்டச் சொல்லும்" என்று அப்பாவைக் காட்டினார் அண்ணாச்சி. அப்பாவுக்குத்தான் கூச்சம் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தவருக்கு ஓடிப்போய் சாயா வாங்கி வந்தார்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன்: "அண்ணாச்சி ஊருக்குப் போயிருந்தா உங்க கதி என்னப்பா?"

"ஏட்டி, அதான் அவுக இருந்தாவல்லா."

அப்பாவுக்கு அதோடு தீர்ந்தது. எனக்கு மட்டும் வெகுநாள் அந்தப் பயம் போகவில்லை.

அண்ணாச்சி போன வருஷம் காலமானார். பட்டறை அவர் மகன் கைக்கு வந்தது. செம்பூரில் வளர்ந்த பையன். தமிழ் பேசுவான்; படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவதற்குள் இந்திக்குத் தாவிவிடுவான். காரியம் முடிந்த மறுமாதமே அப்பாவைக் கூப்பிட்டு, வேலை நியமனக் கடிதமும் இன்சூரன்ஸ் படிவமும் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டான்.

அப்பா முகம் சுண்டிப்போய் வந்தார். "முப்பது வருசம் இருந்தாச்சு. நான் யாருன்னு இப்பம் காயிதத்துல எழுதித் தாரான்."

படித்துப் பார்த்தேன். எல்லாம் அவருக்கு நல்லதுதான். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் அவரிடம் அதை எப்படிச் சொல்வது? நான்கு நாள் காகிதம் அலமாரி மேலேயே கிடந்தது.

ஐந்தாம் நாள் அந்தப் பையனே ஏணி ஏறி வந்தான். முதலாளி வீட்டிலிருந்து ஒருவர் எங்கள் அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியைக் காட்டியும் தரையில் உட்கார்ந்தான்.

"சித்தப்பா, அப்பா மாதிரி எனக்கு வராது. நான் போய் வாசல்ல உட்கார்ந்தா எந்தப் போலீஸும் எனக்காக நிக்க மாட்டான். என் பேச்சுக்கு அவ்ளோ வெயிட் இல்ல. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எதைக் காட்டுவேன்? அதான் இந்தப் பேப்பர்."

அப்பா அலமாரி மேலிருந்து காகிதத்தை எடுத்தார். பிறகு என்னிடம் பேனா கேட்டார். காட்டிய இடத்திலெல்லாம் நிதானமாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

அவன் காகிதங்களை மடித்து எழுந்தபோது அப்பா தடுத்தார். "இருடே. மீன் கொழம்பு இருக்கு. சாப்ட்டுட்டுப் போ."

அவன் மறுபடி உட்கார்ந்தான். தட்டு எடுக்க நான் எழுவதற்குள் அப்பாவே எழுந்துபோனார்.