சந்தனம் விழுந்த மூலை

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் வேலை. இருப்பது ஒரே கம்ப்யூட்டர். காலையில் நான், மத்தியானத்துக்கு மேல் இன்னொருத்தி. என்னைவிட இளையவள், இடதுகைக்காரி. வண்ணம், எழுத்து, படங்களின் வரிசை என்று திரையில் திறக்கிற பெட்டிகளை எல்லாம் இடப்பக்கம் இழுத்து வைத்தால்தான் அவளுக்கு வேலை ஓடும். நானோ வெள்ளெழுத்துக் கண்ணாடிக்காரி. கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகத்தான் எழுத்து தெரியும். எனக்கு எல்லாம் அடியில் வேண்டும்.

ஆரம்பத்தில் தினமும் காலையில் அவள் கலைத்துப்போட்டதைத் திட்டிக்கொண்டே அடுக்குவேன். அவளும் மத்தியானம் சும்மா இருந்திருக்க மாட்டாள். பிறகுதான் அவரவர் அடுக்கைப் பெயர் போட்டுச் சேமிக்கலாம் என்று கண்டுபிடித்தேன். ஒரு தட்டு தட்டினால் எல்லாம் தன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். சம்பளம் கூட்டியிருந்தால்கூட எனக்கு அத்தனை சந்தோஷம் வந்திருக்காது. என் அடுக்குக்கு ‘தொடாதே’ என்று பெயர் வைத்தேன். மறுநாள் அதன் கீழே அவளுடையது இருந்தது: ‘தொடுவேன்’.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு அடுக்கும் ஒன்று. ஓர் ஆயுத பூஜையன்று முதலாளி வைத்த சந்தனம், திரையைச் சுற்றியுள்ள சட்டத்தில் படாமல் திரையின் இடது மேல்மூலையிலேயே அப்பிவிட்டது. சாமி காரியம், துடைக்கக் கூடாது என்றுவிட்டார். அதனால் இருவருமே அந்த மூலையைக் காலியாக விட்டிருந்தோம்.

போன மழைக்காலத்தில் இடி விழுந்து கம்ப்யூட்டர் போயிற்று. படங்கள் தனி டிஸ்க்கில் இருந்ததால் தப்பின. அடுக்குகள் தப்பவில்லை. புதியது ஒரு சாயங்காலம், அவள் நேரத்தில் வந்தது. மறுநாள் காலையிலேயே ஒரு பெண் வீட்டார் ஆல்பம் பார்க்க வருகிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்லக் கண்முன்னே மாற்றிக் காட்ட வேண்டும். தடுமாறினால் ஆரியசாலையில் வேறு ஸ்டுடியோவைப் பார்த்துப் போய்விடுவார்கள் என்று முதலாளி சொல்லியிருந்தார். அவர்கள் வருவதற்குள் எல்லாவற்றையும் அடுக்கிவிடலாம் என்று காலையில் சீக்கிரமே போனேன்.

திறந்தேன். ‘தொடாதே’ இருந்தது. தட்டினேன். எல்லாம் அடியில், என் கண்ணாடிக்குத் தோதாக வந்து நின்றன. பழைய திரையை ஞாபகத்தில் வைத்திருந்து ஒவ்வொன்றாக இழுத்து வைத்திருக்கிறாள். சுத்தமான புதுத் திரையில் அந்த இடது மேல்மூலையைக்கூடக் காலியாக விட்டிருந்தாள். சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது.

பெண் வீட்டார் வந்தார்கள். மாமாவைப் பெரிதாக்கு, அத்தையை முன்னால் கொண்டுவா, பாயசம் ஊற்றுகிறவரை எடுத்துவிடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கை தானாக ஓடியது. இளைய மகள் கல்யாணத்துக்கும் இங்கேதான் என்று சொல்லிவிட்டு எழுந்தார் பெண்ணின் அம்மா.

உடனே அவளுக்குப் போன் போட்டேன். நன்றி சொல்ல வாய் வந்தால்தானே? மூலையை எதற்கடி வீணாக்கினாய் என்று கேட்டேன்.

“அக்கா கண்ணு அந்தப் பக்கம் போவாதுல்லா. பழகின இடத்த மாத்தினா தடுமாறுவீங்கன்னு விட்டதாக்கும்.”

அவளுடைய ‘தொடுவேன்’ எப்படி இருக்கிறது என்று திறந்து பார்த்தேன். அதில் அந்த மூலை காலியாக இல்லை. இத்தனை காலம் கிடைக்காத இடமாயிற்றே, ஆசை தீரப் பெட்டிகளை அடுக்கி நிரப்பியிருந்தாள், கள்ளி.

நான் என் அடுக்குக்குத் திரும்பவும் முதலாளி உள்ளே வரவும் சரியாக இருந்தது. புது கம்ப்யூட்டருக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, இலையில் சந்தனத்தோடு வந்திருந்தார். காலியாக இருந்த மூலையைப் பார்த்ததும் அவர் விரல் நேரே அங்கே போயிற்று. நான் அவர் கையைப் பிடித்தேவிட்டேன்.

“சட்டத்துல வைங்க முதலாளி. அது அவளுக்க இடம்.”