படமெடுத்தவர் பெயர்

கேமரா வீட்டுக்கு வந்த அன்று அவர் செய்த முதல் காரியம், தன் பெயரை அதற்குள் எழுதியதுதான். ஒரு படம்கூட எடுக்கவில்லை. பெட்டியைப் பிரித்தார், பேட்டரியைப் போட்டார், தேதி நேரம் வைத்தார், மெனுவின் கடைசிப் பக்கத்துக்குப் போய் ‘படமெடுத்தவர் பெயர்’ என்ற இடத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். அரை மணி நேரம் ஆயிற்று. இனி அந்தக் கேமராவில் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் ஃபைலுக்குள்ளும் அந்தப் பெயர் கண்ணுக்குத் தெரியாமல் போய் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த மனைவி அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“ஏங்க, ஏதாவது ஒரு படம் எடுங்களேன்” என்று மட்டும் சொன்னாள்.

“இரு, இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கேன்.”

மனுஷன் மூன்று வருடம் ஆரம்பித்துக்கொண்டே இருந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் பிரிவு மேலாளர். மாதம் பிறந்தால் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்துவிடும். ட்ரைபாட் வந்தது. அதன்மேல் கேமராவை மாட்டும் தலை தனியாக வந்தது. லென்ஸுக்கு முன்னால் மாட்டும் ஃபில்டர்கள் வந்தன, ஃபில்டர்களைத் துடைக்கத் துணி வந்தது, அந்தத் துணியில் தூசி படியாமலிருக்க ஓர் உறை வந்தது. பூஞ்சை பிடிக்காமல் காக்க மின்சாரப் பெட்டி, கேமராவைத் தொடாமலே படமெடுக்க ரிமோட். தொடாமலிருக்க அவருக்கு ரிமோட்டே வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை கூடும் படக் கிளப்பில் அவருக்குக் ‘கடை’ என்று பெயர். யாருக்கு எந்தத் திருகாணி கழன்றாலும் மாற்று அவர் பையில் இருக்கும். அந்தக் கூட்டமும் லேசுப்பட்டதல்ல. சூரியோதயம் எடுக்கிறேன் பேர்வழி என்று விடியற்காலையில் பாலத்தின் மேல் போய் நிற்பார்கள். எந்த ஃபில்டர் போடலாம் என்று வாய் கிழியப் பேசி முடிப்பதற்குள் வெயில் மண்டையைப் பிளக்கும். செங்கல் சுவரைப் படமெடுத்து, ஓரத்துச் செங்கல் எவன் லென்ஸில் கூர்மை என்று சண்டை போடுவார்கள்.

இப்போது அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதை அவளுடையது.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம். அவளைவிட வயதில் பெரியவர்கள்கூட ‘லேப் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். காலை ஏழரைக்கு மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தால் மத்தியானம் வரை எடுக்க மாட்டாள். எந்த அணு எத்தனை என்று எண்ணுவது அவள், ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்துப் போடுவது டாக்டர். அதில் அவளுக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அந்த வேலைக்கு அதுதான் முறை, அதற்குத்தான் சம்பளம். வீட்டிலும் அப்படியே ஓடியது. கதவில் அவர் பெயர், கேஸ் புத்தகத்தில் அவர் பெயர், மகளின் பள்ளிச் சான்றிதழில் அவர் பெயர். கேட்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

அந்தக் கேமராப் பையைத் தூக்கித் தூக்கி ஒருநாள் ‘கடை’ மனுஷருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் படுக்கை. கட்டிலில் கிடந்தபடி அவருக்குக் கவலையெல்லாம் கேமராவைப் பற்றித்தான்.

“தினம் நாலு தடவையாவது அமுக்கு. சும்மா கிடந்தா ஷட்டர் இறுகிடும்னு கிளப்புல சொன்னாங்க.”

“எதை எடுக்கறது?”

“எதையோ எடு. ஆனா ஆட்டோ மோடுல மட்டும் வெச்சு எடுத்துத் தொலைச்சிராத, மானம் போயிடும்.”

“இந்த நம்பர்லாம் என்னங்க?”

“அதெல்லாம் உனக்குப் புரியாது. எனக்கே எட்டு மாசம் ஆச்சு.”

அவளுக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று. மைக்ராஸ்கோப்பின் மேடைக்கு அடியில் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. தள்ளினால் வெளிச்சம் வரும் துளை சுருங்கும். வெளிச்சம் குறையும், ஆனால் அணுக்களின் விளிம்பு பளிச்சென்று எழும்பி நிற்கும். அதே துளைதான் இங்கே லென்ஸுக்குள் இருக்கிறது! இருபத்திரண்டு வருடமாகத் தினமும் திறந்து மூடிய துளை. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிப் பார்த்தாள், விரல் தானாகவே நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. ‘இதுக்காய்யா மூணு வருஷம்?’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். நல்லவேளை, அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மெனுவையும் ஒரு பக்கம் விடாமல் படித்தாள். கடைசிப் பக்கத்தை மட்டும் தொடவில்லை. தேதி, நேரம், மொழி என்று ஆரம்பித்தது, அதெல்லாம் அவர் வைத்துவிட்டாரே என்று தாண்டிப் போனாள்.

சின்ன லென்ஸ் ஒன்று, பிளாஸ்டிக் என்று அவர் ஒதுக்கிப் போட்டது, அதை மாட்டிக் கைப்பையில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். சாப்பாட்டு இடைவேளையில் எடுப்பாள். ரத்தம் கொடுத்தவர்கள் உட்காரும் நீள பெஞ்சு ஒன்று அங்கே உண்டு. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து, கையை மடக்கி, ஐந்து நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். ஒருநாள் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு கையில் மருந்துப் பையும் சீட்டுக் கட்டும். பஞ்சை அவள் புருஷன் தன் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார். ரத்தம் எப்போதோ நின்றிருக்கும். மனுஷன் விரலை எடுப்பதாக இல்லை.

“உங்களை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டாள்.

“எங்களையா? எங்க கிட்ட என்னம்மா இருக்கு?” என்றார் அவர். அம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். ஜன்னல் வெளிச்சம் அந்த விரல்மேல் நாற்பது விநாடி நின்றிருக்கும். ஒரே ஒரு படம்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அதைக் கணவரிடம் காட்டினாள். பெரிதாக்கி, சின்னதாக்கி, ஓரங்களை எல்லாம் துழாவினார்.

“புள்ளி புள்ளியா இருக்கு. அந்தப் பிளாஸ்டிக்லயா எடுத்தே? ட்ரைபாட் வெச்சிருக்கணும்.”

அந்த விரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளுக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக்கில்தான், அவரிடம் சொல்லாமலே, கிளப்பின் ஆண்டுப் போட்டிக்கு அந்தப் படத்தை அனுப்பினாள். குடும்ப உறுப்பினர் என்று அவளுக்கும் ஓர் அட்டை உண்டு. எடுத்தவர் யார் என்று நடுவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அந்தக் கிளப்பில் ஒரு முறை வைத்திருந்தார்கள். படத்தோடு பெயர் எழுதி அனுப்பக் கூடாது. பரிசு முடிவானபின் ஃபைலைத் திறந்து, உள்ளே பதிவாகியிருக்கும் பெயரைப் படிப்பார்கள். “மனுஷன் பொய் சொல்லுவான், ஃபைல் பொய் சொல்லாது” என்பார் கிளப் செயலாளர். தொழிலில் பல் டாக்டர், பேச்சில் நீதிபதி.

பெயர் ஃபைலுக்குள் எப்படிப் போகிறது என்று அவள் யோசிக்கவில்லை; கேமரா தன்னுடைய கையில் இருந்ததால் உள்ளே தன் பெயர்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள். எண்ணியது யார் என்று காகிதத்துக்குத் தெரியாது என்பதை லேபிலேயே கற்றிருக்க வேண்டாமோ அவள்?

முதல் பரிசு அந்தப் படத்துக்குத்தான். திரையில் அந்தக் கட்டைவிரல் வந்ததும் கூடம் அடங்கிப் போயிற்று. அவள் முந்தானையைச் சரிசெய்தாள். எழுந்திருப்பதற்காகச் செருப்பைக்கூட மாட்டிக்கொண்டாள். பல் டாக்டர் படித்தது அவள் கணவரின் பெயரை.

பக்கத்து நாற்காலியில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவளைத் திரும்பிப் பார்த்தார். தெரியாது என்று சொல்ல வழியே இல்லை. பார்த்த படம், புள்ளி புள்ளியாக இருக்கிறது என்று அவரே சொன்ன படம். எழுந்தார். மேடையில் உண்மையைச் சொல்லப் போகிறார் என்றுதான் அவள் கடைசி வரை நம்பினாள்.

“பொறுமை வேணும்” என்றார் மைக்கில். “அந்த வெளிச்சத்துக்காக ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன். என் மனைவியோட ஒத்துழைப்பு இல்லேன்னா இது நடந்திருக்காது.”

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள்.

வீடு வந்து சேர்ந்தார்கள். கதவைச் சாத்தியதும் வெடித்தாள்.

“ரெண்டு மணி நேரமா? எந்த பெஞ்சு, எந்த ஜன்னல்னு சொல்லுங்க பாப்போம்! அந்த வராண்டாவுல உங்க கால் பட்டிருக்கா?”

“கத்தாத. திடீர்னு பேரைக் கூப்பிட்டா நான் என்ன பண்ணுவேன்? எல்லாரும் பாக்கறாங்க.”

“என் பொண்டாட்டி எடுத்ததுன்னு சொல்லக் கூடாதா? நாக்கு அழுகிடுமா?”

“ஒரே வீடுதானே, யார் பேர்ல வந்தா என்ன? வேணும்னா நீயே போய்ச் சொல்லு. ஃபைல்ல யார் பேர் இருக்குன்னு பாப்பாங்க.”

அப்போதுதான் மெனுவின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். மூன்று வருடத்துக்கு முன் தட்டிய பெயர் சிறிதும் மங்காமல் உட்கார்ந்திருந்தது. அவள் எடுத்த அறுநூறு சொச்சம் படங்களிலும் அதே பெயர். திருடனைத் திட்டலாம், பூட்டே திருடனுக்குச் சாட்சி சொன்னால் யாரைத் திட்டுவது?

பத்து நாள் அவள் அவரோடு பேசவில்லை. பதினோராவது நாள் கடையே பேச வந்தார், குழைந்துகொண்டு. கிளப் தனிக் கண்காட்சி வைக்கிறதாம். ஆஸ்பத்திரி வராண்டாவையே தொடராக வைத்துப் பத்துப் படங்கள், ஒரு முழுச் சுவர். ஒன்று இருக்கிறது, இன்னும் ஒன்பது வேண்டும்.

“எடுங்களேன். ரெண்டு மணி நேரம் காத்திருக்கத் தெரியும்தானே?”

போனார், ட்ரைபாட் சகிதம். காவலாளி வாசலிலேயே மடக்கித் திருப்பி அனுப்பினான். திரும்பி வந்து சோபாவில் விழுந்தவரின் முகம் செத்துப் போயிருந்தது. பரிதாபம்கூட வந்தது அவளுக்கு. அந்தப் பாழாய்ப்போன பரிதாபம்!

“எடுத்துத் தரேன்” என்றாள். “ஆனா கேமராவுல பேரை மாத்திட்டுத்தான் எடுப்பேன்.”

“ஒண்ணுக்கு ஒரு பேர், ஒன்பதுக்கு வேற பேரா? பரிசையே பிடுங்கிடுவாங்க. திறப்பு விழாவுல நானே வாயால சொல்லிடறேன். சத்தியமா.”

“என்ன சொல்லுவீங்க? இப்பவே சொல்லுங்க.”

அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். “இந்தப் படங்களை எடுத்தது நான் இல்ல. என் மனைவி.”

“இன்னொரு தடவ.”

மறுபடியும் சொன்னார். அவளுக்கு அது போதும். பரிசும் வேண்டாம், சுவரும் வேண்டாம். அதே ஆட்கள் முன்னால் அந்த ஒரு வாக்கியம்.

எட்டு வாரம் உழைத்தாள். சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்த நாள்கள் உண்டு. சிறுநீர்க் குப்பியைக் கைக்குட்டையில் மூடிக்கொண்டு நிற்கும் வக்கீல் ஒருவர். ரிப்போர்ட்டைப் பிரிக்காமல் மடியில் வைத்திருக்கும் பெண். பயந்து கண்ணை இறுக்கிக்கொண்ட போலீஸ்காரர். எல்லோரிடமும் கேட்டுக் கேட்டு எடுத்தாள், வேண்டாம் என்றவர்களை விட்டாள். இருபத்திரண்டு வருடமாக ரத்தமாக மட்டும் பார்த்த மனிதர்களை முகமாகப் பார்த்தாள். அந்த எட்டு வாரம் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திறப்பு விழா நூலக மாடியில். பத்துப் படங்களின் கீழும் அச்சடித்த அட்டையில் அவர் பெயர். லேப் அக்கா நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பல் டாக்டரின் மனைவி. கடை மைக்கைப் பிடித்தார். தொண்டையைக் கனைத்தார். வாக்குத் தவறவில்லை மனுஷன், சொன்னபடியே சொன்னார்.

“இந்தப் படங்களை எடுத்தது நான் இல்ல. என் மனைவி.”

பிறகு பின்வரிசையில் ஒருவர், “ஃபைல் பொய் சொல்லாது சார்!” என்று குரல் கொடுத்தார். கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்பு கைதட்டலாக மாறியது. பல் டாக்டர் மைக்கை வாங்கி, “தன் பேரையே மனைவிக்கு விட்டுக் குடுக்கறார் பாருங்க, இந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்!” என்று உருகினார்.

கடை வாயைத் திறந்தார். இல்லை, நிஜமாகவே என்று சொல்ல அவருக்கு நேரம் இருந்தது. நாலு மூச்சு நேரம் இருந்தது. அவர் கண் அவளைத் தேடி வந்து, அவள் முகத்தில் பட்டு, நழுவியது. பிறகு தலையைச் சற்றுக் குனிந்து, கை தட்டியவர்களைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார்.

பல் டாக்டரின் மனைவி கண் கலங்கி அவள் கையைப் பற்றினாள். “இப்படி ஒரு வீட்டுக்காரர் கிடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும்.”

“எடுத்தது நான்தாங்க” என்றாள் அவள்.

“அதான் அவரே சொல்லிட்டாரே!” என்று அந்த அம்மாள் அவள் கையைச் செல்லமாகத் தட்டிவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து மறுபடியும் கை தட்டினாள்.