தாய் பெயரில் ஒரு லில்லி

உள்ளறையில் எவர்சில்வர் டம்ளர் விழுந்து உருண்டோடும் சத்தம் கேட்டது. வீரலட்சுமி திரும்பிப் பார்த்தாள். காபி எடுத்துவரப் போன மகள் முத்துப்பிரியா, கூடத்தில் மகாராஜன் சொன்னதைக் கேட்டுவிட்டாள்.

"அப்பன் பேரு தெரியாத பூவை எவன் மதிப்பான், தங்கச்சி?"

பூவைத்தான் சொன்னார். ஆனால் அந்த வீட்டில் அந்தக் கேள்வி பூவோடு நிற்காது.

மகாராஜன் போடியில் நர்சரி வைத்திருப்பவர். வீரலட்சுமிக்கு முதல் லில்லிக் கிழங்குகளைக் கொடுத்தவரும் அவர்தான். போடிமெட்டில் அவள் வீட்டின் பின்புறம் விதை போட்டு வளர்த்த செடியொன்று, இந்த வருடம் யாரும் பார்த்திராத நிறத்தில் பூத்தது. நடுவில் ஏலக்காய்ப் பச்சை, இதழ் விளிம்பெல்லாம் செம்பு. புது லில்லிகளுக்குப் பெயர் பதிவு செய்ய வெளிநாட்டில் ஒரு சங்கம் உண்டு. தாய்ச்செடி எது, மகரந்தம் தந்த தகப்பன் செடி எது என்றும் கேட்பார்கள். தாய் அவளுடைய மஞ்சள் லில்லி. தகப்பன்தான் தெரியாது.

தெரியாமல் போனதற்கு அவளே காரணம். கலப்புக்கு வைத்த பூவைத் தேனீ அண்டாதபடி துணியால் மூடிவிடு என்று மகாராஜன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மூடினாள், மனசு கேட்காமல் அன்றே அவிழ்த்துவிட்டாள். ஏலக்காட்டில் தேனீ வராவிட்டால் காய் பிடிக்காது. அங்கே உழைத்துப் பிழைத்த கை, தேனீக்குப் பூவை மறைக்குமா? எந்தத் தேனீ எந்தப் பூவின் தூளைக் கொண்டுவந்ததோ!

மகாராஜன் சொன்ன வழி சுலபமானது. தன் நர்சரியின் சிவப்பு லில்லியைத் தகப்பன் என்று எழுதிவிடலாம். பூவுக்கும் நர்சரி பெயரையே வைக்கலாம். மலர்க் கண்காட்சியில் முன்வரிசை நிச்சயம்.

இப்படியொரு வழியை முன்பும் அவளுக்குக் காட்டியிருக்கிறார்கள். வயிற்றில் பிள்ளையோடு பொட்டிபுரத்தில் பிறந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, எஸ்டேட் ஜீப்பில் தொங்கிக்கொண்டு மலையேறியவள் அவள். மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, யாராவது ஒரு ஆம்பளை பேரைச் சொல்லம்மா, பிள்ளைக்கு மரியாதை என்றார்கள். ஏமாற்றிப் போனவனுக்கு அந்தப் பெருமையைத் தர அவளுக்கு மனமில்லை. பொய்யாக ஒருவனைக் கொண்டுவரவும் மனமில்லை. தன் பெயரையே சொன்னாள். 'வீ' என்ற அந்த ஒற்றை எழுத்துக்காக மகள் எத்தனை நாள் அழுதுகொண்டே வீடு திரும்பினாள் என்பதை அந்த மலைச்சரிவு அறியும்.

முத்துப்பிரியா வேறொரு டம்ளரில் காபியோடு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு அம்மாவை மட்டும் பார்த்தாள். கண்காட்சி, முன்வரிசை என்று கொஞ்சம் சபலப்பட்டிருந்த தாய்மனம் அந்தப் பார்வையில் நிமிர்ந்தது.

"அண்ணே, தாய் யாருன்னு எனக்குத் தெரியும், அதை எழுதுங்க. தகப்பன் தெரியாதுன்னா தெரியாதுன்னே எழுதுங்க. சம்பந்தமில்லாத ஒருத்தனை என் பூவுக்கு அப்பன்னு காட்ட மாட்டேன். பூவோட பேரு வீரலட்சுமி. நல்ல ஏலச்செடியைக் கண்டுபிடிச்சவன் பேரைத்தானே அந்தச் செடிக்கு வைக்கிறீக? பொம்பளைன்னா மட்டும் ஆகாதா?"

ஊர் சிரிக்கும் என்றார் அவர்.

"சிரிச்சுச் சிரிச்சு ஊருக்குப் பல்லே கொட்டிப்போச்சுண்ணே. இன்னும் என்ன மிச்சம்?"

மகாராஜனுக்கு முகம் கறுத்தது. அப்படியானால் இந்தப் பதிவுக்குத் தான் கை கொடுக்கப்போவதில்லை என்றார். தான் அனுப்பாவிட்டால் இந்தப் பூ இந்த மலையைத் தாண்டாது என்றும் சொன்னார்.

"நான் அனுப்புறேன் மாமா," என்றாள் முத்துப்பிரியா. "தகப்பன் தெரியாதுன்னு எழுதினாலும் ஏத்துக்கிறாக. அந்தச் சங்கத்து விதியை முன்னமே பார்த்துட்டேன். வீ. முத்துப்பிரியான்னு கையெழுத்துப் போட்டே அனுப்புறேன்."

மகாராஜன் எழுந்தார். வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்ப வீரலட்சுமிக்கு மனம் வரவில்லை. காபியைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். நின்றபடியே பாதி குடித்து வைத்துவிட்டு, மழை வரும்போல இருக்கிறது என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு மூடுபனிக்குள் இறங்கினார்.

வீரலட்சுமி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.