லேக்கர் அடிக்காத மூடி

செனாய் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு சின்னக் கடையில், பழைய கார்களின் அலுமினியப் பாகங்களைக் கையால் தேய்த்து மெருகேற்றுகிறவன் யுகேந்திரன். நாற்பதைத் தாண்டியும் தனிக்கட்டை. உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, முதலில் சொரசொரப்பானது, அப்புறம் நைசு, அப்புறம் அதைவிட நைசு என்று தேய்ப்பான். கறுப்புத் தண்ணீர் முழங்கை வரை வழியும். கடைசியில் பழைய பனியன் துணியில் பாலீஷ் தொட்டுத் துடைத்தால் முகம் பார்க்கலாம்.

அந்தப் பளபளப்பு நிற்காது. இந்த ஊர்ப் புழுக்கத்துக்குச் சில மாதத்தில் மங்கிவிடும். மங்காமலிருக்க மேலே சூடு தாங்கும் லேக்கர் பூச்சு அடிக்க வேண்டும். எல்லாருக்கும் அடித்துத்தான் கொடுப்பான். பிரேமலாவுக்கு மட்டும் அடிக்கமாட்டான். அடித்துவிட்டால் அவள் ஏன் திரும்பி வரப்போகிறாள்?

பிரேமலாவுக்கு விமான நிலையத்தில் வேலை. அப்பா விட்டுப்போன பழைய காரைத்தான் ஓட்டுகிறாள். எஞ்சினின் மேல்மூடி மங்கியதும் காரைக் கடைமுன் கொண்டுவந்து நிறுத்துவாள். அவன் மூடியைக் கழற்றித் தேய்த்து மாட்டுகிற வரை முக்காலியில் உட்கார்ந்து, பால் விடாத தேநீரான தே ஓ குடித்தபடி பேசுவாள். கடைக்கு வருகிற மற்றப் பெண்களெல்லாம் "அண்ணே" என்பார்கள். இவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதைக் கவனிக்கத் தெரிந்த மனுஷனுக்கு வாய் திறக்க மட்டும் தெரியவில்லை. அவள் போனதும் அடுத்து எப்போது மங்கும் என்று ஏங்க ஆரம்பித்துவிடுவான். மழை பெய்தால் ஐயாவுக்குச் சந்தோஷம். ஈரத்தில் சீக்கிரம் மங்குமே!

இந்த முறை அவள் முக்காலியில் உட்காரவில்லை.

"தை மாசம் எனக்குக் கல்யாணம், யுகேன். பினாங்குக்குப் போறேன், காரும் கூட வருது. அங்க உங்கள மாதிரி ஆள நான் எங்க தேடுறது? லேக்கர் அடிச்சிருங்க."

அவன் தலையாட்டினான். என்றைக்கும் இல்லாத பொறுமையோடு தேய்த்தான். லேக்கர் அடித்து, வெயிலில் வைத்து எடுத்து மாட்டினான்.

"லேக்கர் அடிச்சா மங்காதுன்னு மெக்கானிக் போன வருஷமே சொல்லிட்டாரு," என்றாள் பிரேமலா.

ஸ்பேனர் பிடித்த கை அப்படியே நின்றது. "அப்புறம் ஏன் கேக்கல?"

"ஏன் அடிக்கலன்னு நீங்களே ஒரு நாள் சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க தேய்ச்சிக்கிட்டே இருந்தீங்க லா."

இப்போதாவது அவன் சொல்லித் தொலைத்திருக்கலாம். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, மூடியின் மேல் விரலை வைக்கப் போனாள்.

"கை வெக்காதீங்க," என்றான் யுகேந்திரன். "இன்னும் முழுசா காயல."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். பானெட்டை அவளே மூடினாள்.

அதற்குப் பிறகு செனாயில் எவ்வளவோ மழை பெய்துவிட்டது. அந்த மூடி மங்கியிருக்காது. நல்ல லேக்கர்.