நானே ஏற்றி, நானே இறக்கிய செயலி

கொண்டப்பநாயக்கன்பட்டியில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். செய்தி அனுப்பும் அந்தச் செயலி வந்த புதிதில், ரீசார்ஜுக்கு வந்தவர்களைக்கூட விடாமல் அதை ஏற்றிக் கொடுத்தேன். தங்கையின் போனிலும் நான்தான் ஏற்றினேன். எருமப்பட்டியில் வாழ்க்கைப்பட்ட அவள், காலையில் என்ன குழம்பு என்பதுவரை அதில் குரல் பதிவாக அனுப்புவாள்.

என் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று அவளுடைய மாமனார் வாசலில் வந்து நின்றார். நான் யாருக்கோ அந்தச் செயலியில் குரூப் தொடங்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். தலை நிமிர்ந்து "வாங்க" என்று கேட்கவில்லை. எங்கள் பக்கம் பந்தியில் உப்பு குறைந்தாலும் பொறுப்பார்கள், இதைப் பொறுக்க மாட்டார்கள். மனிதர் கை நனைக்காமல் போய்விட்டார்.

தங்கை போனில் அழுது சண்டை பிடித்தாள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். "இனிமே எனக்குப் போன் பண்ணாத" என்று வைத்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் ஊரே வேறு செயலிக்கு மாறியது. ஏற்றிய கையாலேயே பழையதை இறக்க ஆரம்பித்தேன். "சும்மா எடத்த அடைக்குதுங்க, எடுத்துரலாமுங்க." என் போனிலிருந்தும் எடுத்துவிட்டேன். ஆனால் மனம் ஒரு நிலையில் இல்லை. கடையில் எந்தப் போன் அடித்தாலும் கை என் சட்டைப்பைக்குப் போகும். அவளே கூப்பிடட்டும் என்று முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அவள் மகளுக்குக் காது குத்து முடிந்த சேதியைப் பஸ்ஸில் ஒரு சொந்தக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தாய்மாமன் மடியில்லாமல் காது குத்தா! என்னை அழைக்கவே இல்லை, நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

போன மாதம் ஒரு பெண் கடைக்கு வந்தார். அந்தச் செயலியை மூடப்போகிறார்களாம், அதிலுள்ள பழைய படங்களை எடுத்துத் தரவேண்டுமாம். எடுத்துக் கொடுத்த கையோடு என் போனிலும் அதை மறுபடி ஏற்றி, என் கணக்கையும் திறந்து பார்த்தேன். தங்கையிடமிருந்து மூன்று குரல் பதிவுகள் கிடந்தன.

"போன் பண்ண வேண்டாம்னீங்க, அதான் இதுல பேசறேன். எங்க மாமனார் அழைக்க வரமாட்டாருங்ணா. ஞாயித்துக்கெழம பாப்பாவுக்குக் காது குத்து. நீங்களா வந்துருங்க."

இரண்டாவதில், "கேட்டீங்களாண்ணா?" என்று மட்டும் இருந்தது.

மூன்றாவதைத் தொடவே பயமாக இருந்தது. தொட்டதும், அவள் குரலுக்குப் பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"சித்தப்பா மகன் மடியில உக்கார வெச்சுக் குத்தீட்டோம். உங்கண்ணன் வரலியான்னு எல்லாரும் கேட்டாங்க. கடுமையான காச்சல், எந்திரிக்க முடியாம கெடக்கறாருன்னு சொல்லீட்டேன். யாராச்சும் கேட்டா நீங்களும் அப்படியே சொல்லீருங்ணா."