நோயில்லாதவர் வரிசையில் ஒரு மஞ்சள் குழி

ஆய்வகத்தில் அவளைச் சொட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அரைச் சொட்டு சிந்தினாலும் முகம் வாடிவிடும் என்பதால் வந்த பெயர். அவள் கையாண்ட சரக்கும் அப்படி அரிதானது. மனிதக் கணையத்தில் உள்ள ஒரு நொதி. அதன் மரபணுவை ஈஸ்டுக்குள் செலுத்தி, வளர்த்து, சுத்தப்படுத்தி எடுத்தது. சிலருடைய உடம்பு தன் கணையத்தையே எதிரியாக நினைத்துத் தாக்கும்; கடைசியில் சர்க்கரை நோயில் கொண்டுபோய் விடும். அவர்கள் ரத்தத்தில் பெரும்பாலும் இந்த நொதிக்கு எதிரான பொருள் இருக்கும். நொதி பூசிய தட்டின் குழிகளில் ரத்தத்தின் தெளிநீரை விட்டுச் சோதித்தால், அந்தப் பொருள் உள்ள குழி மஞ்சளாகும்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் ரத்தமும் வேண்டும். ஒருநாள் அது தீர்ந்துவிட்டது.

"என்னோடத எடுத்துக்கோங்க சார். நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்று ஆய்வகத் தலைவரிடம் கையை நீட்டினாள்.

அவள் குழி மஞ்சளானது.

கை தவறியிருக்கும் என்று புதுத் தட்டில் மறுபடி செய்தாள். மறுபடியும் மஞ்சள். பள்ளிக்கூடம் போகும் வயதிலிருந்தே இன்சுலின் போட்டுக்கொள்பவன் அவள் தம்பி. இந்த மஞ்சளைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு, அந்த நோயின் அறிகுறியான தாகம் எடுத்தாலே பயம். தண்ணீர் குடித்தாலும் பயம்.

"சார், இது என்னோட குழி."

ஆய்வகத் தலைவர் தட்டை வெகுநேரம் பார்த்தார். "இது ஆராய்ச்சித் தட்டும்மா. இத வச்சு நோய் இருக்குன்னு சொல்லக் கூடாது. ஆனா சும்மாவும் விடாத, டாக்டரப் பாரு."

மருத்துவமனைச் சோதனையிலும் அதே பதில்தான். சர்க்கரை மட்டும் சரியாக இருந்தது.

"இது இருக்கிற எல்லாருக்கும் நோய் வர்றதில்ல" என்றார் டாக்டர். "உங்களுக்கு வராதுன்னும் என்னால சொல்ல முடியாது. வருஷா வருஷம் பாப்போம்."

"என் பொண்ணுக்கு?"

"அவளையும் ஒருதடவ பாத்துடலாம்."

மகளுக்கு அந்தப் பொருள் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது. விஷயம் கேள்விப்பட்ட தம்பி போனில் கூப்பிட்டான்.

"வந்தா ஊசி போட நான் சொல்லித் தரேங்க்கா. ஆனா உனக்குப் பொறுமை பத்தாது."

"போடா" என்றாள்.

சில வருடங்கள் ஓடிவிட்டன. இதுவரை சர்க்கரை ஏறவில்லை. வேலையிலும் அதே தட்டு, அதே நொதி. ஆனால் பரிசோதனை நாள் நெருங்கினால் வீட்டில் பாத்திரங்கள் பலமாக உருளும். முடிவு வரும்வரை கணவனும் மகளும் அவளிடம் வாய் கொடுப்பதில்லை.